ஆறாம் பகுதி கேட்டுச் சிங்கப்பூர் போனேன்

ஒரு கவிதையின் கடைசிப் பகுதியைக் கேட்டு வாங்க யாராவது கடல் தாண்டி வருவார்களா என்று என் தம்பி மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு. நகை வாங்கவும் டேப் ரிக்கார்டர் வாங்கவும் போகிறவர்கள் விமானத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். கவிதைக்காகப் போனவள் நான் ஒருத்திதான். தம்பி முருகேசன் சிங்கப்பூரில், கிளமெண்டியில் வீடு வாங்கிவிட்டு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வீடு பார்க்க வருகிறேன் என்று அவனிடம் நான் சொன்னது பாதிப் பொய்.

சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியிலிருந்து திருச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்திவந்தோம். கல்லூரியில் தமிழ் நடத்துவது என் பிழைப்பு. அடுத்தவர் கவிதையில் குறை கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. எங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து அருளப்பன் என்பவர் ஒரு நெடுங்கவிதையைப் பகுதி பகுதியாக அனுப்பிக்கொண்டிருந்தார். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை, கத்தோலிக்கர். கவிதை, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனில் ஆரம்பித்து, ஏசு உயிர்த்த ஈஸ்டர் ஞாயிறு வரைக்கும் போகும். மொத்தம் ஆறு பகுதி. வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். ஏனென்றால் மனுஷன் ஒரு விரதம் வைத்திருந்தார். எந்த நாளைப் பற்றி எழுதுகிறாரோ அந்த நாளில்தான் எழுதுவார். சாம்பல் புதனைப் பற்றிச் சாம்பல் புதனன்று, குருத்தோலை ஞாயிற்றைப் பற்றி அந்த ஞாயிறன்று. மறுநாள் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த மாட்டார்.

எங்கள் மூவரில் ஒருவர் கறுப்புச் சட்டைக்காரர். புதுக்கவிதையில் ஏசுவுக்கு என்ன வேலை, இதையெல்லாம் ஜெபக் கூட்டத்தில் படிக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வருவார். எனக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. பெரிய வெள்ளியைப் பற்றிய ஐந்தாம் பகுதி இப்படி முடிந்திருந்தது:

எல்லா ஊர் நேரமும் சுவரில் ஓடுகிறது.
லண்டன் தூங்குகிறது, டோக்கியோ பல் துலக்குகிறது.
எந்த ஊர் நேரத்தில்
கல் புரண்டது?

ஏசுவின் கல்லறையை மூடியிருந்த கல் ஈஸ்டர் விடியலில் புரண்டு கிடந்தது என்பது அவர்களுடைய நம்பிக்கை. சரக்குக் கிடங்குச் சுவரில் வரிசையாகத் தொங்கும் கடிகாரங்களுக்குக் கீழே நின்றுகொண்டு, நம்புகிற மனுஷன் ஒருவன் அதைக் கேட்கிறான். அது கேலி இல்லை. ஊருக்கு ஊர் நேரம் மாறுகிற உலகத்தில், செத்தது பிழைத்த அந்த ஒரு நொடியை எங்கே போய்ப் பிடிப்பது? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் மாணவிகளுக்குப் படித்துக் காட்டுவேன். பதில் ஆறாம் பகுதியில் வரும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஆறாம் பகுதி வரவில்லை. அந்தப் பெரிய வெள்ளி கழிந்து ஈஸ்டர் விடிவதற்குள் அருளப்பனின் மனைவி லூர்து இறந்துபோனார் என்று நான்கு வரிக் கடிதம் வந்தது. அதோடு சரி. மூன்று வருஷமாக எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. கவிதையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று நாங்கள் துடித்துக்கொண்டிருந்தோம். தலை இல்லாத முண்டமாகப் போட மனசில்லை. மூன்று ஈஸ்டர் போய்விட்டதே, எழுதாமலா இருப்பார், எழுதி எங்கேயோ போட்டுவைத்திருப்பார் என்பது என் கணக்கு. நேரில் போய் நின்றால் தராமலா போவார்?

சாங்கியில் இறங்கியபோது தரை அவ்வளவு பளபளப்பாக இருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தேன். முருகேசன் போன தடவை ஊருக்கு வந்தபோது இருந்ததைவிடப் பருத்திருந்தான், பேச்சும் மாறியிருந்தது. வழியெல்லாம் சிவப்புத் துணி, சிவப்பு விளக்கு, தொட்டிகளில் குட்டை ஆரஞ்சு மரங்கள். சீனப் புத்தாண்டு வரப்போகிறது என்றான். பாதாள ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். திருச்சியில் ஒரு சாக்கடைக்குத் தோண்டினால் அடுத்த எலெக்ஷன்வரை பள்ளம் அப்படியே இருக்கும். இங்கே பள்ளத்துக்கே பெயின்ட் அடித்த வேலி.

மறுநாள் காலையில் துணைக்கு யாரும் இல்லாமல், தமிழர்கள் கூடுகிற தேக்காவுக்குப் பஸ் ஏறினேன். அங்கேதான் அவமானப்பட்டேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்டக்டர் வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் நகரவில்லை. பின்னால் இருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், டிரைவர் பக்கத்துப் பெட்டியில் நோட்டைப் போடச் சொல்லிக் காட்டினாள். போட்டேன். மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டினேன். மீதி என்பதே கிடையாதாம். பெட்டி விழுங்கியது விழுங்கியதுதான். அந்தக் கோபம் தேக்கா வரும்வரை ஆறவில்லை.

தேக்கா சந்தையில் மீன் வாடையும் மல்லிகை வாடையும் ஒரே மூச்சில் வந்தன. கோழிக்கடைச் சீனர் 'நாட்டுக்கோழி, நாட்டுக்கோழி' என்று என்னிடம் தமிழில் கூவினார். சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் ஒரு மேசைக்கு வரச் சொல்லி அருளப்பனுக்குத் தம்பி மூலமாகப் போன் போட்டு வைத்திருந்தேன். வருவாரா என்பதே சந்தேகம். வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பதைத் தாண்டியிருப்பார், சரக்குப் பிரிவின் நீலச் சட்டை. நான் யாரென்று கேட்கவே இல்லை. எனக்கு ஒரு டீயும் புரோட்டாவும் வாங்கிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

திருச்சி எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்று கொஞ்ச நேரம் சுற்றி வளைத்தோம். எனக்கு அந்தப் பொறுமை நீடிக்காது. ஆறாம் பகுதியை எடுத்துப்போக வந்திருக்கிறேன் என்று போட்டு உடைத்தேன்.

"இல்லையே டீச்சர்," என்றார். "எழுதவே இல்லையே."

மூன்று ஈஸ்டரிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதல் வருஷம் ஓவர்டைம் பார்த்தாராம். அடுத்த இரண்டும் நினைவில்லையாம். கோவிலுக்கே போவதில்லை என்றார். சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிடவில்லை, போக வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். விமான நிலையத்தில் அவருடைய பிரிவு வழியாகத்தான் இங்கே இறந்துபோகிற கூலியாட்களின் பெட்டிகள் ஊருக்குப் போகும். அதையும் ஒரு பகுதியில் எழுதியிருந்தார்: 'துணி மூட்டைக்கும் சவப்பெட்டிக்கும் ஒரே தராசு.' அந்த வரியை நான் மேசையில் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அதெல்லாம் சுளுவா வந்துச்சு டீச்சர். மொதப் பகுதியில 'நேற்றைய பச்சையை இன்று நெற்றியில் இடுகிறார்கள்'னு எழுதினேன் பாருங்க. அப்ப எனக்கு ஒண்ணும் எரியல. எரியாதவன் சாம்பலப் பத்தி எழுதினா நல்லாத்தான் இருக்கும். இப்ப உயிர்ப்புன்னு எழுதச் சொன்னா, என்கிட்ட என்ன இருக்கு? பொய்தான் எழுதணும்."

பொய்யென்றாலும் எழுதுங்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். என் எதிரில் புரோட்டா ஆறிப்போய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்திருக்கும்போது, திங்கட்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், தம்பியையும் கூட்டி வாருங்கள் என்றார்.

ஞாயிறன்று புத்தாண்டு. கிளமெண்டியில் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி மேளச்சத்தம். லிஃப்டில் ஒரு சீன மூதாட்டி என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொல்லி, பையிலிருந்து இரண்டு ஆரஞ்சை எடுத்து என் கையில் திணித்தார். புது வருஷத்தில் கையை வெறுமையாக வைத்துக்கொண்டு நடக்காதே என்று சொல்கிறார் என்று முருகேசன் மொழிபெயர்த்தான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் பழைய துடைப்பத்தைக்கூட எறிந்துவிட்டுப் புதிது வாங்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் போகிக்கு எரிக்கிறோமே, அந்த மாதிரி. கடன், மனக்கசப்பு, அழுக்கு எல்லாவற்றையும் பழைய வருஷத்தோடு விட்டுவிட வேண்டுமாம். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அருளப்பன் நினைவாகவே இருந்தது. மனுஷனுக்கு எந்தப் புத்தாண்டும் உறைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. எனக்கு வரவேண்டிய கவிதை போயிற்றே என்ற எரிச்சலும் இருந்தது, மறைப்பானேன்.

திங்கட்கிழமை முருகேசனுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். நான் மட்டும் போனேன். தேக்காவுக்கு அடுத்த தெருவில் பழைய அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தது அருளப்பன் இல்லை, சிசிலியா என்ற பெண். ஒரு மாடி கீழே குடியிருக்கிறாள், அதே கோவிலைச் சேர்ந்தவள், நாற்பது வயது இருக்கும். லூர்து போன பிறகு இந்த வீட்டுக்கு வாரம் ஒரு முறை வந்து கூட்டிப் பெருக்கிக் குழம்பு வைத்துவிட்டுப் போகிறவள் அவள்தான். இந்தியாவிலிருந்து விருந்தாளி வருகிறார் என்று அருளப்பன் சொன்னதும், காலையிலிருந்து வீட்டைத் தேய்த்துக் கழுவி, ஒட்டடை அடித்து, ஜன்னல் துணிகூட மாற்றியிருந்தாள். வீடே மணத்தது.

"ரெண்டு நாள்ல விபூதிப் புதன் வந்துடும் அக்கா. அப்புறம் தபசு காலம், கறி கிடையாது லா. இன்னிக்கே நல்லா சாப்பிட்டுக்கங்க," என்றாள், அந்த ஊர்க்காரர்களைப் போல லா சேர்த்து. சாம்பல் புதனை எங்கள் பக்கத்துப் பழைய கத்தோலிக்கர்கள் சொல்கிற மாதிரியே விபூதிப் புதன் என்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். கோழிக் குழம்பு, மிளகாய்ச் சம்பல் போட்டு வதக்கிய கங்கோங் கீரை, ரசம். ரசத்தில் எலுமிச்சைப் புல்லின் வாசனை. ஊரில் யாராவது ரசத்தில் அதைப் போட்டால் நான் எழுந்து போய்விடுவேன். இங்கே இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

அருளப்பன் வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டு, மேசையில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு மரச் சிலுவை. ஒரு பிடி சோறு பிசைந்தவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிசைந்த கை அப்படியே நின்றது.

"சிசிலியா. சிலுவைக்குப் பின்னாடி இருந்தது எங்க?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஓலையா அண்ணே? கோவில்ல குடுத்துட்டேன். பாவம், நீங்க மறந்தே போயிட்டீங்க. மந்திரிச்ச ஓலைய இத்தன வருஷம் அப்படியே விடக் கூடாது இல்ல? எங்க வீட்டுது, பக்கத்து வீட்டுது எல்லாத்தோடயும் சேத்துப் போட்டுட்டேன்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. அவர்கள் வழக்கம் இது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு கோவிலில் குருத்தோலை மந்திரித்துத் தருவார்கள். அதை வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். மறு வருஷம் தவக்காலம் தொடங்குவதற்கு முன் பழைய ஓலையைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குப்பையில் போடக் கூடாது, பாவம். அந்த ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று எல்லார் நெற்றியிலும் இடுகிறார்கள். விசுவாசமான வீட்டில் மூன்று வருஷத்து ஓலை காய்ந்து தொங்கினால், பக்தியுள்ள அண்டை வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? தனி ஆண்பிள்ளை, மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அருளப்பன் எழுந்துவிட்டார். கையில் சோறு அப்படியே இருந்தது.

"யாரக் கேட்டு எடுத்த?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை போல இருந்தது. "அது லூர்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு மடிச்சது. ரெண்டு விரல் வேலை செய்யல. பல்லால புடிச்சு மடிச்சா. அதுக்கப்புறம் அவ கையால வேற எதையும் தொடல."

சிசிலியா மாதாவே என்று முணுமுணுத்தாள். என்னை வரவேற்கத்தானே இந்த வீட்டைச் சுத்தம் செய்தார்கள் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவர் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் படியிறங்கிவிட்டார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். சிசிலியா வீட்டுச் செருப்போடு வந்தாள்.

சிராங்கூன் சாலையில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் மேல் மேளமும் தாளமும் முழங்க, ஒரு கடைக்கு முன்னால் சிங்க ஆட்டம். கூட்டம் வழியை அடைத்துவிட்டது. டாக்சி என்ற ஒன்று கண்ணிலேயே படவில்லை. புத்தாண்டுக்கு ஓட்டுநர்கள் எல்லாம் வீட்டில். சிங்கம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, அருளப்பன் அதைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு சீனர் கோபமாகக் கத்தினார். இவர் காதில் விழவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். நடந்தேதான் கோவிலுக்குப் போனோம்.

கோவில் உபதேசியார் பெரியவர், மெதுவாகப் பேசுகிறவர். மூன்று வருஷமாகக் கோவில் வாசலை மிதிக்காத அருளப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வாங்க என்று மட்டும் சொன்னார். சிசிலியா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஓலையை நாளைக்குத்தான் எரிக்கப்போகிறோம், இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பின்னறையிலிருந்து ஒரு பெரிய சாக்கை இழுத்துவந்தார். எனக்கு உயிர் வந்தது. கிடைத்துவிடும் என்றே நினைத்தேன். கிடைத்தால் இந்த மனுஷன் கொஞ்சம் இளகுவார், இளகினால் எழுதுவார் என்று என் மனசு அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது.

"நான் பாத்தா தெரியும்," என்றார் அருளப்பன். "சிலுவையா மடிச்சு, மேல சின்னதா ஒரு காது வச்சிருப்பா. ஆணியில மாட்டுறதுக்கு. அவளா கண்டுபுடிச்ச மடிப்பு. வேற யாரும் அப்படி மடிக்க மாட்டாங்க."

சாக்கைத் தரையில் கவிழ்த்தார்கள். காய்ந்த ஓலை, பழுப்பும் மஞ்சளுமாக, சருகுச் சத்தத்தோடு விரிந்து விழுந்தது. நாங்கள் நால்வரும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தோம். நீளமாக அப்படியே விட்டுவைத்த ஓலைகளை ஒருபக்கம் ஒதுக்கினோம். சிலுவையாக மடித்தவை தனியாக. முதலில் சிசிலியா ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே காது இருந்தது. அருளப்பன் வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிய இடத்தில் இன்னொன்று கிடந்தது. அதிலும் காது. பக்கத்தில் இன்னொன்று. உபதேசியார் கையில் ஒன்று. குவியலைக் கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தன. சிறியது, பெரியது, குழந்தை மடித்தது மாதிரிக் கோணலாக ஒன்று, அச்சில் வார்த்தது மாதிரி நேராக ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஆணியில் மாட்ட ஒரு காது.

அருளப்பன் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"எல்லாமே அவ மடிச்சதா இருக்கே," என்றார்.

"உங்க வீட்டம்மா இங்க எத்தன வருஷம் ஞானோபதேச வகுப்பு நடத்தினாங்க," என்றார் உபதேசியார். "குருத்து ஞாயிறு வந்துட்டா பிள்ளைங்களுக்கு அவங்கதான் மடிக்கச் சொல்லிக்குடுப்பாங்க. அதுங்கள்லாம் இப்ப வளந்து கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, எங்கெங்கயோ ஃபிளாட் வாங்கிட்டுப் போயாச்சு. தமிழ்ப் பூசைக்கு இங்கதான வருதுங்க. அவங்கவங்க பிள்ளைங்களுக்கு அவங்கவங்க சொல்லிக்குடுத்துட்டாங்க."

எனக்கும் அவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க என்று சிசிலியா விசும்பினாள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள் சார் என்று உபதேசியார் சொன்னார். அருளப்பன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பிறகு சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு கைப்பிடியாக அவரே உள்ளே அள்ளிப்போட்டார். ஒரு காதுகூட நசுங்காமல் போட்டார். வெளியே வந்ததும் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுத் தனியாக நடந்துவிட்டார். நான் சிசிலியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுகை நிற்கவே இல்லை. கவிதை போனால் போகிறது, இந்தப் பெண்ணின் மேல் அவர் வைத்த கோபமாவது தீரட்டும் என்று நினைத்தேன். என் மனசு அப்படி நினைத்ததில் எனக்கே ஆச்சரியம்.

செவ்வாய்க்கிழமை தம்பி மனைவி என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள். பழைய படகுகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு ஆற்றைச் சுத்தம் செய்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரந்தூக்கி. இங்கே ஒரு கம்பம், அதாவது கிராமம், இருந்தது, இங்கே ஒரு தியேட்டர் இருந்தது என்று அவள் இல்லாததையே காட்டிக்கொண்டு வந்தாள். புதிதாக்குவது என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு இடிப்பதுதான் முதல் வேலை. அதில் தப்பில்லை. எங்கள் ஊரில் இடிக்காமலும் கட்டாமலும் பாதியில் நிற்கிறதே, அதைவிட இது மேல். ஆனால் அன்றைக்கு எனக்குக் கட்டடம் பார்க்கப் பிடிக்கவில்லை. கோவில் பின்கட்டில் இந்நேரம் சாக்கைக் கொளுத்தியிருப்பார்கள் என்பதே எண்ணமாக இருந்தது. மீன் தலைக் கறி நன்றாக இருந்தது என்று தம்பி மனைவியிடம் சொன்னேன். ருசி நினைவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பூசைக்கு நானும் போனேன். நான் ஏன் போனேன் என்று கறுப்புச் சட்டைக்காரர் பிற்பாடு திருச்சியில் கேட்டார். சிசிலியாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வரத்தான் போனேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அலுவலக உடையில் இருந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். மின்விசிறிகள் தலைக்கு மேல் சுற்றின. சிசிலியா முன்வரிசையில் தலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாம்பல் பூச வரிசை கட்டி நின்றபோதுதான் அருளப்பனைப் பார்த்தேன். எப்போது வந்தாரோ, தூணோரம் நின்றிருந்தார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, அவர் நகரவில்லை. போக மாட்டார் என்று நினைத்தேன். வரிசையின் வால் அவரைக் கடந்து போனது. கடைசியில் ஒரு கிழவரும் கடந்து போனார். அதற்கப்புறம் அருளப்பன் மெதுவாக வந்து, கிழவருக்குப் பின்னால் நின்றார். சாமியார் கிண்ணத்தில் விரலைத் தொட்டு அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். மனிதன் மண்தான், மண்ணுக்கே போவான் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். ஒவ்வொருவருக்கும் அதையேதான் சொன்னார். எனக்கு விபூதி பழகினதுதான். எங்கள் அப்பா பட்டை பட்டையாக இடுவார். ஆனாலும் அந்தக் கறுப்புச் சாம்பலை அந்த நெற்றியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

பூசை முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தோம். அருளப்பன் படியில் நின்றுகொண்டு கலைகிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து எரிச்சுட்டாங்க," என்றார். "அவ மடிச்சதும் அதுலதான் இருந்திருக்கும். இப்ப யார் நெத்தியில இருக்கோ, தெரியல டீச்சர். அதான் ஒவ்வொரு நெத்தியா பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

நானும் பார்த்தேன். நெற்றியில் சாம்பலோடு ஓர் ஆள் மோட்டார் சைக்கிளை உதைத்தார். ஒரு தாய் பிள்ளையின் மூக்கில் உதிர்ந்திருந்த துகளைத் துடைத்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டு நெற்றிகள், பெடோக்குக்கோ தோ பாயோவுக்கோ போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தன. இரண்டு நர்ஸுகள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்கள். கூட்டத்தை ஒட்டிச் சிசிலியா தலையைக் குனிந்துகொண்டு, இவர் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தாள்.

"சிசிலியா," என்று கூப்பிட்டார். அவள் நின்றாள். "வீட்டுக்குத்தான? இரு, சேந்து போவோம். இருட்டப் போகுது." அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்கு மறுநாள் காலையில் விமானம். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். நாக்கு சும்மா இருக்காதே. அப்போ ஆறாம் பகுதி, என்று ஆரம்பித்தேன்.

அவர் படியிறங்கினவர் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அந்த முகம் சிரித்திருக்காது. அன்றைக்கும் முழுசாகச் சிரிக்கவில்லை.

"என்ன டீச்சர் அவசரம்," என்றார். "ஈஸ்டருக்கு இன்னும் நாப்பது நாளு இருக்கே."